சுண்டெலியும் வளைக்கரடியும் மேசைமேல் மோத: எங்கிருந்து தொடங்குவது?

வாளேந்திய சுண்டெலி, கவசம் பூட்டிய வளைக்கரடி (ஆங்கிலத்தில் பேட்ஜர்), வில்லோடு கூரைமேல் குந்தியிருக்கும் அணில் என்று மினியேச்சர் பொம்மைகளின் படங்களைப் பார்த்து மயங்கிப்போன ஒருவர் கேட்டிருக்கிறார். சதுரங்கம் தவிர வேறு மேசை விளையாட்டு ஆடியதில்லை, பிரஷ் பிடித்த பழக்கமும் இல்லை. பத்து வயது மகளோடு சேர்ந்து ஆட ஆசை. எதை முதலில் வாங்குவது, பெயின்ட் அடிக்கத் தெரியாமல் ஆட முடியுமா, எவ்வளவு இடம் வேண்டும் என்பதுதான் கேள்வி.

பெயின்ட் அடிக்காமலும் ஆடலாம், பொம்மையே இல்லாமலும் ஆடிப் பார்க்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்குக்குள் வருபவர்களில் பலர் பெட்டி பெட்டியாக வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டு, ஒரு ஆட்டம்கூட ஆடாமலே ஓய்ந்துபோகிறார்கள். இது சின்ன ஆட்டம். சின்னதாகவே தொடங்க வேண்டும்.

சின்ன ஆட்டம் என்றால் என்ன? மினியேச்சர் போர் ஆட்டங்களில் ஒரு வகை பெரும்படை ஆட்டம்: ஆளுக்கு நாற்பது, ஐம்பது பொம்மைகள், வரிசை வரிசையாக மோதும். இன்னொரு வகைதான் ஸ்கர்மிஷ், அதாவது கைகலப்பு ஆட்டம். இதில் ஒரு பக்கத்துக்கு ஐந்து முதல் பத்து பாத்திரங்கள் போதும். ஒவ்வொன்றும் தனி ஆள். தனிப் பெயர், தனி ஆயுதம், தனித் திறமை, தனிக் காயம். விலங்குப் பாத்திரங்கள் இந்த வகைக்கு அவ்வளவு பொருந்துவதற்குக் காரணமும் இதுதான். பத்து மனித வீரர்களை மேசையில் நிறுத்தினால் யார் யார் என்று தெரிய நேரமாகும். ஒரு தேரை, ஒரு முள்ளெலி, ஒரு நீர்நாய், இரண்டு சுண்டெலி என்று நிறுத்தினால் மூன்றடி தள்ளி நின்றே யார் எவர் என்று தெரிந்துவிடும். நரி எப்படி நடந்துகொள்ளும், முயல் எப்படி ஓடும் என்பதும் குழந்தைக்குக்கூட ஏற்கெனவே தெரியும். விதியில் பாதியைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை.

இந்த வகையில் பெயர் சொல்லும்படி இருப்பது பரோஸ் அண்ட் பேட்ஜர்ஸ். மைக்கேல் லவ்ஜாய் எழுதியது. ஆஸ்ப்ரே கேம்ஸ் 2018ல் புத்தகமாக வெளியிட்டது. அதற்கான பொம்மைகளை ஓத்ஸ்வோர்ன் மினியேச்சர்ஸ் செய்கிறது. கதை நடக்கும் இடம் நார்திம்ப்ரா என்னும் கற்பனை ராஜ்ஜியம். அரச விசுவாசிகள், கலகக்காரர்கள், காட்டுக் கூட்டத்தார் என்று தரப்புகள் உண்டு. பிறகு இரண்டாம் பதிப்பும் வந்திருக்கிறது. எந்தப் பதிப்பு கிடைத்தாலும் சரி, இரண்டு பேரும் ஒரே பதிப்பை வைத்து ஆடினால் போதும். இதன் மூதாதை என்று சொல்ல வேண்டுமானால் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1999ல் வெளியிட்ட மோர்ட்ஹைமைச் சொல்லலாம். சின்னக் குழு ஒன்றை வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் அதை வளர்த்துக்கொண்டே போகும் முறையைப் பலருக்கும் பழக்கியது அதுதான்.

விலங்குக் கதை ஒத்துப்போவதால் சிலர் குழம்பும் இரண்டு ஆட்டங்கள் உண்டு. ரூட் என்பது 2018ல் லீடர் கேம்ஸ் வெளியிட்ட பலகை ஆட்டம். அதிலும் காட்டு விலங்குகள்தான் சண்டை போடுகின்றன, ஆனால் மரக்காய்களை வரைபடத்தில் நகர்த்தும் ஆட்டம், டேப் வைத்து அங்குலக் கணக்கில் அளந்து நகர்த்துவது கிடையாது. மைஸ் அண்ட் மிஸ்டிக்ஸ் 2012ல் பிளெய்ட் ஹேட் கேம்ஸ் வெளியிட்டது. எலிகளாக மாறிய மனிதர்கள் கதை. எல்லாரும் ஒரே பக்கம் நின்று ஆடுவது. உங்கள் மகளுக்கு அப்பாவோடு மோதுவதைவிட அப்பாவோடு சேர்ந்து ஆடுவதுதான் பிடிக்கும் என்றால், அதில் தொடங்கி ஓரிரு மாதம் கழித்து இங்கே வரலாம்.

சரி, ஆட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பரோஸ் அண்ட் பேட்ஜர்ஸில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் பகடை. ஒரு பாத்திரத்தின் வலிமையோ, சுறுசுறுப்போ எண்ணாக எழுதப்பட்டிருக்காது, பகடையாக எழுதப்பட்டிருக்கும். பலவீனமான குணத்துக்கு 4 முகப் பகடை, அபாரமான குணத்துக்கு 12 முகப் பகடை, நடுவில் 6, 8, 10. சண்டை வந்தால் இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்டுவார்கள். கூடுதலாக விழுந்தவர் ஜெயித்தார். அவ்வளவுதான் அடிப்படை. பத்து வயதுக் குழந்தைக்கு இரண்டு நிமிடத்தில் புரியும்.

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் ஆட்டத்தின் அழகு தெரியும். வளைக்கரடி 12 முகப் பகடையை உருட்டுகிறது, சுண்டெலி 4 முகப் பகடையை உருட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து விழ 48 விதங்கள் உண்டு. அவற்றில் 38 முறை வளைக்கரடி ஜெயிக்கும், 4 முறை சமம், 6 முறை சுண்டெலி ஜெயிக்கும். எட்டில் ஒரு வாய்ப்பு. குறைவுதான், ஆனால் இல்லாமல் போகவில்லை. இப்போது அந்தச் சுண்டெலி உயரமான இடத்தில் நிற்கிறது, அதற்காகப் பகடையில் 2 கூட்டிக்கொள்ளலாம் என்று வைப்போம். (எதற்கு எவ்வளவு கூட்டல் என்பதை விதிப்புத்தகம் சொல்லும். இது கணக்குக்காகச் சொல்வது.) 6 இப்போது 14 ஆகிவிடுகிறது. இரு மடங்குக்கும் மேல். அதே 2ஐ வளைக்கரடிக்குக் கொடுத்துப் பாருங்கள்: 38 என்பது 45 ஆகும். ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்தது இன்னும் கொஞ்சம் ஜெயிக்கிறது, வேறொன்றும் மாறவில்லை.

ஆக, நல்ல இடம் பிடிப்பது பெரிய விலங்கைவிடச் சின்ன விலங்குக்குத்தான் அதிகம் உதவுகிறது. சுண்டெலிக் கூட்டம் வைத்திருப்பவர் வேலி, கூரை, புதர் என்று தேடித் தேடி நிற்க வேண்டும். வளைக்கரடி வைத்திருப்பவர் அவற்றை வெட்டவெளிக்கு இழுக்கப் பார்ப்பார். யாரும் எழுதிவைக்காமலே, எலி எலியாகவும் கரடி கரடியாகவும் நடந்துகொள்ளத் தொடங்கிவிடும்.

குழுவை எப்படித் தேர்ந்தெடுப்பது? இந்த ஆட்டங்களில் குழு அமைக்க ஆட்டக் காசாக ஒரு தொகை தருவார்கள். பெரிய விலங்குக்கு அதிகம் செலவாகும், சின்னதுக்குக் குறைவு. புதிதாக வருபவர்கள் உடனே எது பலமானது என்று தேடுவார்கள். அதைச் செய்யாதீர்கள் என்று மனதாரச் சொல்கிறேன். உங்களுக்கு எந்த விலங்கைப் பார்த்தால் நெஞ்சில் ஒரு இளக்கம் வருகிறதோ அதை எடுங்கள். பலம் பார்த்து எடுத்த குழு இரண்டு தோல்வியில் கசந்துவிடும். பிரியப்பட்டு எடுத்த குழு தோற்றாலும் மறுபடி மேசைக்கு வரும். ஒரே ஒரு நடைமுறை யோசனை: ஒரு பெரியது, இரண்டு நடுத்தரம், இரண்டு சின்னது என்று கலந்து வையுங்கள். எல்லா அளவும் எப்படி நகர்கிறது, எப்படி அடிவாங்குகிறது என்று ஒரே ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

முதல் ஆட்டத்துக்குப் பொம்மை வாங்க வேண்டாம் என்றேன் அல்லவா? தடித்த அட்டையில் மகளை வரையச் சொல்லுங்கள். மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தேரை, ஒரு நரி. வெட்டியெடுத்து ஒரு வட்ட அட்டையில் நிற்கவைத்து ஒட்டுங்கள். சின்ன பொம்மைகளின் அடித்தட்டு பொதுவாக 25 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும், அதே அளவில் வெட்டினால் பிறகு பொம்மை வந்தபோது எதுவும் மாறாது. மூன்று ஆட்டம் அட்டையோடு ஆடுங்கள். அதற்குள் எந்தப் பாத்திரம் உங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது என்று தெரியும். அதைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. விதிப்புத்தகம், 4 முதல் 20 முகம் வரை உள்ள பகடைத் தொகுப்பு ஆளுக்கு ஒன்று, அங்குலம் போட்ட டேப். நகர்வும் அம்பு தூரமும் அங்குலத்தில்தான் இருக்கும், சென்டிமீட்டர் டேப் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் 2.54ஆல் பெருக்கினால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்றால், மூன்றடிக்கு மூன்றடி போதும். சாப்பாட்டு மேசையே தாராளம். ஆனால் அதில் பொருட்கள் நிறைய இருக்க வேண்டும். வெறும் மேசையில் ஆடினால் அம்பு வைத்திருப்பவர் ஜெயிப்பார், மற்றவர் சலித்துப்போவார். பத்துப் பன்னிரண்டு தடுப்புகளாவது வையுங்கள். அடுக்கிய புத்தகங்கள் குன்று. அட்டைப்பெட்டி வீடு. உலர்ந்த சுள்ளிகள் விழுந்த மரம். ஒரு நீலத் துணி ஓடை. விலங்கு ஆட்டத்துக்கென்று ஒரு சலுகையும் இருக்கிறது: எலி உலகில் தேநீர்க் கோப்பையும் நூல்கண்டும் தீப்பெட்டியும் அப்படியே கட்டடங்கள். மனித வீரர்களுக்கு அவற்றை வைத்தால் கண்ணை உறுத்தும், சுண்டெலிக்கு உறுத்தாது. நீங்களே வீடு செய்வதாக இருந்தால் கதவைச் சுண்டெலிக்கு அளந்து வெட்டாதீர்கள். உங்கள் குழுவிலேயே பெரிய விலங்கு நுழையும் அளவுக்கு வெட்டுங்கள். நான் செய்த முதல் மூன்று வீடுகளுக்குள் நீர்நாய் தலைகூட நுழையவில்லை, திரும்ப வெட்டினேன்.

பொம்மை வந்த பிறகு ஒட்டும் வேலை. உலோகமும் ரெசினும் (அச்சில் வார்த்துக் கெட்டியாக்கும் பிசின்) சூப்பர் குளூவில் ஒட்டும். பிளாஸ்டிக் என்றால் அதற்கான பிளாஸ்டிக் சிமென்ட், அது இரு பரப்புகளையும் லேசாக உருக்கி ஒன்றாக்கிவிடும். ரெசின் பொம்மையை முதலில் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எளிதாகக் கழற்றப் பூசிய எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் பெயின்ட் நிற்காது. ரெசினை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் வரும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ஈரமாக்கித் தேயுங்கள், முகமூடி போடுங்கள், அந்த வேலையில் மகளைச் சேர்க்காதீர்கள். கத்தி வேலையும் உங்களுடையதே.

இனி பெயின்ட். பிரஷ் பிடித்ததில்லை என்று பயப்படுபவர்களுக்கு நான் விலங்குப் பொம்மையைத்தான் முதலில் கையில் கொடுப்பேன். மனித முகம் கஷ்டம். தோலின் நிறமாற்றம், கண் வெள்ளை, கருவிழி எல்லாம் ஒரு மில்லிமீட்டருக்குள் வர வேண்டும், கொஞ்சம் தவறினாலும் முழி பிதுங்கித் தெரியும். சுண்டெலியின் கண் ஒரு கருப்பு மணி. கருப்புப் புள்ளி வைத்து, காய்ந்ததும் ஊசிமுனையால் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தால் உயிர் வந்துவிடும். உடம்பு முழுக்க ரோமம், அதாவது மேடும் பள்ளமும். மேடும் பள்ளமும் இருந்தால் பாதி வேலையை பெயின்டே பார்த்துக்கொள்ளும்.

ஒரு நரியை எடுத்துக்கொள்வோம். முதலில் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. அது இல்லாமல் எந்த நிறமும் பிடிக்காது. ஸ்ப்ரே என்றால் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து சின்னச் சின்ன வீச்சாக, திறந்த வெளியில், ஈரமில்லாத நாளில். ஒரு மழை நாளில் அவசரப்பட்டு நான் அடித்ததில் என் உலோக வளைக்கரடி முழுக்க மணல் தூவியது போல் சொரசொரத்துவிட்டது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறப்போட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தெடுக்க ஒரு முழு மாலை போனது.

பிரைமர் காய்ந்ததும் அக்ரிலிக் பெயின்டில் செம்பழுப்பு. குப்பியிலிருந்து நேராக எடுத்துப் பூசாதீர்கள், தண்ணீர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தடித்த பூச்சு ரோமக் கோடுகளையெல்லாம் மூடிவிடும், இரண்டு மெல்லிய பூச்சு மூடாது. அடுத்தது வாஷ். நீர்த்த, அடர்ந்த பழுப்பு. உடம்பெல்லாம் தடவினால் தானாகவே பள்ளங்களில் வடிந்து தங்கும். நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம்தான் எனக்குப் பிடித்த கட்டம், டிரை பிரஷ். பழைய பிரஷ் ஒன்றில் இளம் ஆரஞ்சைத் தொட்டு, காகிதத்தில் தேய்த்துத் தேய்த்து, இனி நிறமே வராது என்று தோன்றும்வரை துடையுங்கள். அதைக்கொண்டு ரோமத்தின்மேல் குறுக்காக, தூசி தட்டுவது போல் மெதுவாக வருடுங்கள். மேட்டு நுனிகளில் மட்டும் நிறம் ஒட்டும். ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக எழுந்து நிற்கும். முதல் தடவை அதைப் பார்க்கும் யாரும் இன்னொரு பொம்மையை எடுக்காமல் எழுந்து போனதை நான் பார்த்ததில்லை. மகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், கெடுப்பது கடினம்.

வளைக்கரடி மட்டும் கொஞ்சம் வேறு. அதன் வெள்ளை முகத்தில் இரு கண்கள்மேலும் ஓடும் கருப்புப் பட்டைதான் அதன் அடையாளம். முகம் முழுவதையும் மங்கல் வெள்ளையில் முடித்துவிட்டு, அடர் சாம்பலால் பட்டையை மூக்கிலிருந்து காது நோக்கி இழுங்கள். கோடு அகலமாகிவிட்டால் ஓரத்தை வெள்ளையால் திருத்தலாம். முழுக்கருப்பு வேண்டாம், கண் பட்டைக்குள் தொலைந்துவிடும். எல்லாம் முடிந்ததும் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. விரல் பட்டுப் பட்டு நிறம் உதிர்வதை அது தடுக்கும்.

முதல் ஆட்டத்தில் விதிகளையெல்லாம் ஒரேயடியாக இறக்காதீர்கள். ஆளுக்கு நான்கு பாத்திரம். மந்திரம் வேண்டாம், சிறப்புத் திறமை வேண்டாம். நடப்பது, ஓடுவது, அடிப்பது, எய்வது. நடுவில் ஒரு மூட்டை வையுங்கள், அதைத் தன் பக்க ஓரத்துக்குக் கொண்டுபோனவர் வென்றார். கொல்வதே குறிக்கோளாக இருந்தால் இரு பக்கமும் மூலையில் ஒளிந்து நிற்கும். எடுக்க ஒரு பொருள் இருந்தால் சுண்டெலிக்கும் வேலை வரும். இந்த வகை ஆட்டங்கள் பலவற்றில் இருவரும் மாறி மாறி ஒவ்வொரு பாத்திரமாக நகர்த்துவார்கள், அதனால் யாரும் நெடுநேரம் சும்மா உட்கார வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்காமல் பகடை போட்டு முடிவு செய்து, ஆட்டம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆட்டத்தில் திறமைகள், நான்காம் ஆட்டத்தில் மந்திரம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

நான்கைந்து ஆட்டம் ஆனதும் தொடராட்டத்துக்கு வந்துவிடுங்கள். இந்த விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு ஆட்டத்தில் நடந்தது அடுத்த ஆட்டத்துக்கும் போகும். ஜெயித்தவர் அனுபவம் பெறுவார், விழுந்தவருக்குக் காயம் நிற்கும், சேர்த்த காசில் புது வாளோ புது ஆளோ வரும். என் குழுவில் சிட்டு என்று ஒரு வில்லுச் சுண்டெலி. மூன்றாவது ஆட்டத்தில் அடிபட்டு விழுந்தது, பிழைத்தது, நிரந்தரக் காயத்தோடு திரும்பியது. அன்றிரவு கத்தியால் அதன் இடது காதில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, உள்ளே இளஞ்சிவப்பு தொட்டு வைத்தேன். அதன்பின் எதிரில் ஆடுபவரும் அதைச் சுண்டெலி என்று சொல்வதில்லை, சிட்டு என்றே சொல்கிறார். ஒரு நோட்டில் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நாலு வரி எழுதிவையுங்கள்: யார் யாரைக் காப்பாற்றினார், யார் ஓடிப்போனார், மூட்டையில் என்ன இருந்தது.

குழந்தையோடு ஆடும்போது ஒரு விஷயத்தை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். தொடராட்டத்தில் பாத்திரங்கள் சாகலாம். தானே பெயர் வைத்து, தானே பெயின்ட் அடித்த முள்ளெலி ஒரு பகடையில் போய்விட்டால் பத்து வயதுக்கு அது சின்ன விஷயமில்லை. அதனால் தொடங்கும் முன்பே இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்: எங்கள் ஆட்டத்தில் மரணம் உண்டா, அல்லது ‘செத்தது’ என்று விழுந்தால் அந்தப் பாத்திரம் மூன்று ஆட்டம் ஓய்வில் இருக்குமா? நான் முதல் தொடருக்கு இரண்டாவதையே சொல்வேன். அடுத்த தொடரில் அவளையே கேளுங்கள். பெரும்பாலும் குழந்தைகளே மரணமும் இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறார்கள், அப்போதுதான் பயந்து பயந்து, பார்த்துப் பார்த்து நகர்த்தத் தோன்றுகிறது என்பார்கள்.

இந்த வாரம் அட்டை, கத்தரிக்கோல், பகடை. குழுவில் முதல் விலங்கு எது என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள்.